ரசம் போன கண்ணாடியைத் தூக்கிப் போடணுமா? பழைய பிரெஞ்சுச் சுவர்க் கண்ணாடியும் கள்ளக்குறிச்சி உளியும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது.

கள்ளக்குறிச்சி மாவட்டம், கச்சிராயபாளையம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருந்தாங்க. கல்வராயன் மலை அடிவாரத்துல புது வீடு கட்டி முடிக்கிற நிலைமையில இருக்காங்க. ஆவணியில கிரகப்பிரவேசம். அவங்க தாத்தா பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துல வேலை பார்த்தவராம். 1954 வாக்குல அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பினப்போ சாமான்களை வித்திருக்காங்க. அதுல ஒரு பெரிய சுவர்க் கண்ணாடியைத் தாத்தா வாங்கி, வைக்கோல் சுத்தி, லாரியில ஏத்தி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தாராம். நாலடி உயரம், மூணடி அகலம். சுத்தித் தங்க நிறச் சட்டம். உச்சியில ஒரு சிப்பி வேலைப்பாடு, அதுல பாதி உடைஞ்சு போச்சு. கண்ணாடி ஓரமெல்லாம் கருப்புக் கருப்பா புள்ளி.

இப்போ வீட்டுல ரெண்டு பேச்சு. மாமியார் சொல்றாங்க: "ரசம் போன கண்ணாடி புது வீட்டுக்குள்ள வரக்கூடாது." விசாரிக்க வந்த பழைய சாமான் வியாபாரி சொல்றார்: "சட்டத்துக்குத்தான் மதிப்புங்க, கண்ணாடி வேஸ்ட். நானே புதுக் கண்ணாடி போட்டுத் தர்றேன், காசே வேண்டாம். பழசை மட்டும் நான் எடுத்துக்கிறேன்." அக்கா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "தம்பி, கண்ணாடியை மாத்திடலாமா?"

மாத்தாதீங்க அக்கா. இதுதான் சின்ன பதில். ஏன்னு சொல்லத்தான் இந்த எபிசோடு. ஒரு விஷயம் மட்டும் யோசிச்சுப் பாருங்க. வேஸ்டுன்னு சொல்ற பொருளை ஒரு வியாபாரி எதுக்கு மெனக்கெட்டு எடுத்துட்டுப் போகணும்?

ரசம்னா என்ன?

நாம "ரசம் போன கண்ணாடி"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போறோம். அந்த ரசம் பாதரசம்தான். அந்தக் காலத்துக் கண்ணாடித் தொழில் முழுசும் இந்த ஒரு வார்த்தையில இருக்கு.

முன்னாடி முகம் பார்க்கும் கண்ணாடி செய்யறது எப்படின்னா, சமமான கல் மேசை மேல தகரத் தகட்டைக் காகிதம் மாதிரி மெல்லிசா விரிப்பாங்க. தகரம்னா இங்க வெள்ளீயம். அதுமேல பாதரசத்தை ஊத்தித் தேய்ப்பாங்க. பாதரசமும் வெள்ளீயமும் சேர்ந்து ஒரு பசை மாதிரி ஆகும். அதுமேல கண்ணாடித் தகட்டைக் காற்று புகாம மெதுவா நகர்த்தி வச்சு, பாரம் ஏத்தி, மேசையைச் சாய்ச்சு, மிச்சப் பாதரசத்தை நாள்கணக்குல வடிய விடுவாங்க. இந்த வேலை செஞ்சவங்களுக்குக் கை நடுங்கும், பல்லு கொட்டும். பாதரச ஆவியை மூச்சுல இழுத்துட்டே வேலை பார்த்தா வேற என்ன ஆகும்?

இந்த வித்தையை ரொம்ப காலம் கையில வச்சிருந்தது இத்தாலியில வெனிஸ் நகரம். பிரான்ஸ்ல பதினாலாம் லூயி ராஜாவோட அமைச்சர் கோல்பேர், கண்ணாடிக்காக வெனிசுக்கு இவ்வளவு பணம் போகுதேன்னு பார்த்தார். வெனிஸ் தொழிலாளிகளை ஆசை காட்டி வரவழைச்சு, 1665ல அரச கண்ணாடித் தொழிற்சாலையை ஆரம்பிச்சார். வெர்சாய் அரண்மனையில 1684ல முடிஞ்ச கண்ணாடி மண்டபம் அந்தத் தொழிற்சாலையோட பெருமைக்குச் சாட்சி: 17 ஜன்னல், எதிர்ப்பக்கம் 17 வளைவு, அதுல 357 கண்ணாடி.

ஒரு வளைவுக்கு ஏன் அத்தனை துண்டுன்னு கேப்பீங்க. அப்போ கண்ணாடியை ஊதி, வெட்டி, விரிச்சுத்தான் தகடாக்கினாங்க. பெரிய தகடு வராது. உருக்கின கண்ணாடியை உலோக மேசையில ஊத்தி, உருளை ஓட்டிப் பெரிய தகடு வார்க்கிற முறை 17ஆம் நூற்றாண்டோட கடைசியிலதான் வந்துச்சு. அதுக்கப்புறமும் பெரிய தகடு யானை விலை. அதனாலதான் அந்தக் காலக் கண்ணாடிகள் பலதுல ரெண்டு துண்டை ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, நடுவுல ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு குறையில்ல, வயசு.

பாதரசத்தோட காலம் எப்போ முடிஞ்சதுன்னா, 1835ல ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், கண்ணாடி மேல வெள்ளியைப் படிய வைக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். 1850களுக்கு அப்புறம் அது தொழிற்சாலைக்குள்ள வந்து, கொஞ்சம் கொஞ்சமா பாதரசத்தை வெளியேத்திடுச்சு. இன்னைக்கு நம்ம பாத்ரூம் கண்ணாடியில ஒரு சொட்டுப் பாதரசம் கிடையாது. ஆனா நாம இன்னும் "ரசம்"னுதான் சொல்றோம். தொழில் செத்துப் போச்சு, வார்த்தை மட்டும் பிழைச்சுக்கிச்சு.

பெல்ஜியமா, பிரான்ஸா?

நம்ம ஊர்ல பழசா, கனமா, தெளிவா ஒரு கண்ணாடி இருந்தா உடனே "பெல்ஜியம் கண்ணாடி"ன்னு சொல்லிடுவாங்க. செட்டிநாட்டு வீடுகள்ல பர்மா தேக்கு, இத்தாலி மார்பிளோட பெல்ஜியம் கண்ணாடியும் வந்து இறங்கினது உண்மைதான். ஆனா அந்தப் பேரே ஆதாரம் ஆகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடை கடையா ஏறி இறங்கினவங்களுக்குத் தெரியும், அங்க ஒரு பேரு பல பொருளுக்கு ஒட்டும்.

கள்ளக்குறிச்சிக்காரங்களுக்குப் பிரெஞ்சுக் கண்ணாடி கிடைக்கக் கிட்டத்து வழி பாண்டிச்சேரி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல. அங்க 1674லயே பிரெஞ்சுக்காரங்க குடியேறிட்டாங்க. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊரை இந்தியாகிட்ட ஒப்படைச்சாங்க, சட்டப்படி கைமாறினது 1962ல. ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பார்த்திருப்பீங்க. கீழே நம்ம ஊர் மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணித் தூண். ரெண்டு ரசனையும் ஒரே கூரைக்கு அடியில குடித்தனம் பண்ணின ஊர் அது. அங்க இருந்து ஒரு கண்ணாடி நம்ம பக்கம் வந்திருந்தா ஆச்சரியமே இல்ல. ஆனா "தாத்தா சொன்னார்"ங்கிறது கதை. பொருளையும் விசாரிக்கணும்.

அக்கா அனுப்பின போட்டோ

நாலு போட்டோ கேட்டேன். முன்பக்கம், பின்பக்கம், உடைஞ்ச இடம், கண்ணாடி மேல பேனா முனையை வச்சு ஒண்ணு. நீங்களும் உங்க வீட்டுக் கண்ணாடிக்கு இப்படிச் செய்யலாம்.

முதல்ல உருவம். பிரெஞ்சுச் சட்டங்களை ராஜாக்கள் பேரை வச்சுப் பிரிப்பாங்க. பதினைந்தாம் லூயி பாணின்னா எல்லாம் வளைவு. சிப்பி, இலை, கொடி, இடமும் வலமும் ஒத்துப்போகாத நெளிவு. பதினாறாம் லூயி பாணின்னா நேர்கோடு. ரிப்பன் முடிச்சு, மாலை, ஜாடி. அதுக்கப்புறம் 1830ல இருந்து 1848 வரை ஆண்ட லூயி ஃபிலிப் பேர்ல ஒரு வடிவம் இருக்கு. மேல் மூலை ரெண்டும் உருண்டு, கீழ் மூலை ரெண்டும் சதுரமா இருக்கும். ரொம்பப் பிரபலமானதால அந்த ராஜா போன பிறகும் பல காலம் செஞ்சாங்க, உச்சியில சிப்பி, பூன்னு மகுடம் வச்சும் செஞ்சாங்க. அக்கா வீட்டுக் கண்ணாடி அச்சு அசல் இந்த வடிவம்.

அடுத்தது பேனா முனை. முனைக்கும் அதோட பிம்பத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, கண்ணாடியோட கனத்தைக் காட்டும். கூடவே ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்துல பிடிங்க. பழைய கண்ணாடியில வெள்ளை கொஞ்சம் சாம்பலாவோ மங்கலாவோ தெரியும். அப்புறம் தலையை மெல்ல அசைங்க. பிம்பம் தண்ணியில தெரியற மாதிரி லேசா நெளியும். உருகின தகரத்து மேல கண்ணாடியை மிதக்கவிட்டு வார்க்கிற முறை 1950கள்லதான் வந்தது. அந்தப் புதுக் கண்ணாடி நெளியாது. ஓரத்துல சரிவு வெட்டு இருந்தா விரலால தடவுங்க. கையால தேய்ச்ச சரிவு விரலுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கும். மெஷின் வெட்டு கத்தி மாதிரி தெரியும்.

மூணாவது பின்பக்கம். இதுதான் முக்கியம். பாதரசக் கண்ணாடியோட முதுகு சாம்பல் நிறத்துல, பொடிப்பொடியா மினுங்கும், பெயிண்ட் இருக்காது. வெள்ளி பூசின கண்ணாடிக்கு, வெள்ளியைக் காப்பாத்த மேல பழுப்பு, சிவப்புன்னு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. பின்பலகையையும் பாருங்க. பழசுன்னா வேற வேற அகலத்துல பலகை, இழைப்புளித் தடம், காலத்துல கருத்த நிறம். பிளைவுட்டும் பளபளக்குற ஆணியும் இருந்தா யாரோ உள்ளே புகுந்திருக்காங்கன்னு அர்த்தம்.

அக்கா அனுப்பினதுல முதுகு பழுப்புப் பெயிண்ட். அப்போ இது வெள்ளி. 1850களுக்கு முன்னாடி போக வாய்ப்பு ரொம்பக் குறைவு. பலகையெல்லாம் பழசு, யாரும் கை வைக்கல. உடைஞ்ச சிப்பியோட உள்பக்கம் வெள்ளையா, சாக்பீஸ் மாதிரி இருக்கு. மர நாரு தெரியல. அதாவது அது செதுக்கின சிப்பி இல்ல, அச்சுல வார்த்து மரச்சட்டத்து மேல ஒட்டினது. 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ் கடைகள்ல இது சர்வசாதாரணம்.

எனக்குப் பட்டதைச் சொல்லிட்டேன்: "அக்கா, இது வெர்சாய் அரண்மனைச் சாமான் இல்ல. 19ஆம் நூற்றாண்டோட பின்பாதியில நடுத்தர வசதிக்காரங்க வீட்டு வரவேற்பறைக்குன்னு செஞ்ச கண்ணாடி மாதிரி தெரியுது. ஆனா போட்டோவுல பார்த்தவரைக்கும் உடம்பு முழுசும் பழசு." போட்டோவை வச்சு இதுக்கு மேல சொல்றது நியாயமில்ல. விலை பேசறதுக்கு நேர்ல பார்க்கணும்.

கண்ணாடியை ஏன் மாத்தக்கூடாது?

சட்டத்தைத் திரும்பச் செய்யலாம். இன்னைக்கும் உளி இருக்கு, தங்கத் தாள் இருக்கு, கை இருக்கு. ஆனா அந்த நெளிவோட, அந்தச் சாம்பல் நிறத்தோட, அந்த வெள்ளிப் பூச்சோட ஒரு தகடு இனி வராது. சட்டமும் கண்ணாடியும் பின்பலகையும் ஒண்ணா இருந்தாத்தான் அது பழைய கண்ணாடி. மாத்திட்டா, பழைய சட்டம் போட்ட புதுக் கண்ணாடி. வியாபாரி எடுத்துட்டுப் போற தகடு வேற ஒரு சட்டத்துக்குள்ள போய் உக்காரும், அங்க அது "ஒரிஜினல்" ஆயிடும்.

புதுசா ரசம் பூசிக்கலாமேன்னு கேப்பீங்க. பழைய பூச்சை அமிலம் போட்டுக் கரைச்சாத்தான் புதுசு ஏறும். பழசு பழசா திரும்ப வராது. அதுவும் பாதரசக் கண்ணாடியா இருந்தா சுரண்டவே சுரண்டாதீங்க, சூடு காட்டாதீங்க. உரிஞ்ச தூள்ல பாதரசம் இருக்கும். அந்த மாதிரி கண்ணாடியை நிமிர்த்தியே வைங்க, படுக்க வைக்காதீங்க, குழந்தைகள் கைபடற இடம் வேண்டாம்.

மாமியார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. முகம் மங்கலாத் தெரியற கண்ணாடியில யாரு பொட்டு வைக்கிறது? ஆனா இந்த மாதிரி பெரிய கண்ணாடியை அந்த வீட்டுக்காரங்க முகம் பார்க்க மட்டும் மாட்டல. மின்சாரம் இல்லாத காலத்துல, ஜன்னலுக்கு எதிர்லயும் மெழுகுவத்திக்குப் பின்னாடியும் மாட்டினா வெளிச்சம் ரெண்டு மடங்கு. அதுதான் அதோட முதல் வேலை. புள்ளி விழுந்தாலும் அந்த வேலையை அது இன்னும் செய்யும். முகம் பார்க்கப் படுக்கையறையில ஒரு புதுக் கண்ணாடி மாட்டிக்கலாம்.

தங்கத்தைத் துடைக்காதீங்க

இதுல நான் பட்ட பாடு ஒண்ணு சொல்லணும். முதல் முதலா ஒரு பழைய சட்டம் கைக்கு வந்தப்போ, தூசியா இருக்கேன்னு ஈரத் துணியால துடைச்சேன். ரெண்டே இழுப்பு. தங்கம் துணியோட வந்துருச்சு, கீழே செக்கச்செவேல்னு மண்ணு.

தஞ்சாவூர் ஓவியம் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். மாவும் பசையும் வச்சு மேடு எழுப்பி, அதுமேல தங்கத் தாள் ஒட்டுவோமில்லையா. பிரெஞ்சுக்காரங்களும் கிட்டத்தட்ட அதேதான். மரத்து மேல சுண்ணாம்புத் தூளும் பிராணிப் பசையும் பல பூச்சு, அதுமேல சிவப்புக் களிமண் பூச்சு, அதை ஈரமாக்கித் தங்கத் தாள், கடைசியா அகேட் கல்லால தேய்ச்சுப் பளபளப்பு. தண்ணியில ஒட்டினது தண்ணியில போயிடும். அதனால சட்டத்துக்கு உலர்ந்த மென்மையான பிரஷ் மட்டும். கண்ணாடிக்கு உலர்ந்த பருத்தித் துணி. ஸ்பிரேயை நேரா அடிச்சா ஓரம் வழியா உள்ள இறங்கிப் பூச்சை அரிக்கும்.

கடையில வாங்கின தங்கப் பெயிண்ட்டும் அடிக்காதீங்க. அது பெரும்பாலும் பித்தளைத் தூள். சில வருஷத்துல பழுப்பா கருத்துடும்.

மாட்டற இடம்

மலையடிவாரத்து வீடுங்கிறதால இதைத் தனியாச் சொல்றேன். கல்வராயன் மலையில இருந்து இறங்குற பனியும் ஐப்பசி மழையும் சுவத்துல ஏறும். பூச்சுக்கு எதிரி ஈரம்தான். கருப்புப் புள்ளி ஓரத்துல ஆரம்பிக்கிறதே அதனாலதான். புதுச் சுவர் நல்லா காயற வரைக்கும் மாட்டாதீங்க. பின்னாடி நாலு மூலையிலயும் சின்ன மரத்துண்டு வச்சு, சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல காத்து ஓட விடுங்க. நேர் வெயில், சமையலறை, பாத்ரூம் மூணும் வேண்டாம்.

எடை கணக்கு: நாலுக்கு மூணு அடின்னா ஏறக்குறைய 1.1 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் கனம்னா கண்ணாடி மட்டும் சுமார் 14 கிலோ. சட்டமும் பலகையும் சேர்ந்தா 20 கிலோவைத் தாண்டலாம். ஒரே ஆணியில தொங்க விடாதீங்க. மேல ரெண்டு பிடி, அடியில தாங்க ஒரு கட்டை. பழைய கம்பியைக் கழட்டிட்டுப் புதுசு போடுங்க. தரையில வெள்ளைத் தூள் கொட்டுதான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. கொட்டினா மரம் உளுக்குதுன்னு அர்த்தம்.

பாதிச் சிப்பிக்கு என்ன பண்றது?

இங்கதான் அக்காவுக்கு அதிர்ஷ்டம். அவங்க இருக்கிறதே மரச்சிற்ப ஊர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சது, கருப்பூர் கலம்காரி ஓவியத்தோட சேர்த்து. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கமெல்லாம் சாமி சிலை, வாசக்கால், அலங்காரப் பலகைன்னு செதுக்குறவங்க இருக்காங்க. வாகை மரத்துல அவங்க இழைக்கிற கொடிக்கருக்கைப் பிரெஞ்சுச் சட்டத்து இலைக்கொடி பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். சிலைக்குத் திருவாசி செதுக்குற கைக்கு ஒரு சிப்பி பெரிய விஷயமில்ல.

செய்ய வேண்டியது: மிச்சமிருக்கிற பாதிச் சிப்பியைத் தாள்ல தடம் எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு மறுபாதி வரையணும். நல்லா காய்ஞ்ச மரத்துல செதுக்கணும். பழைய பாதியை உடைச்செடுக்கக் கூடாது. ஒட்ட ஆசாரிகள் பழைய வச்சிரம் போதும். பின்னாடி எப்பவாவது கழட்டணும்னா சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது விட்டுக் கொடுக்கும், இப்போ வர்ற வெள்ளைப் பசை லேசுல விடாது. புதுத் துண்டோட முதுகுல பென்சிலால வருஷத்தை எழுதி வைங்க. நாளைக்குப் பார்க்கிறவங்களை ஏமாத்தக் கூடாது இல்லையா.

யோசிச்சா வேடிக்கையா இருக்கு. பாரிஸ்ல இருந்து வந்த பாதி அச்சுல வார்த்தது. கள்ளக்குறிச்சியில சேர்ற பாதிதான் கையால செதுக்கினது.

தாத்தா கண்ணாடி இல்லாதவங்களுக்கும் ஒண்ணு. "ஆன்டிக்"னு செயற்கையா அமிலம் தெளிச்சுப் புள்ளி விழ வச்ச கண்ணாடியைக் காசு கொட்டி வாங்காதீங்க. நல்ல சட்டம் ஒண்ணு செதுக்கச் சொல்லி, அதுல புதுக் கண்ணாடி போட்டுக்கோங்க. 1665ல கோல்பேர் ஆரம்பிச்ச அந்தத் தொழிற்சாலைதான் இன்னைக்கு செயின்ட் கோபைன். 2000ல இருந்து நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே கண்ணாடி வார்க்குது. புதுசைப் புதுசுன்னு சொல்லி மாட்டுறதுல எந்தக் குறைச்சலும் இல்ல.

ஒரு எச்சரிக்கை. நூறு வருஷம் தாண்டின கலைப்பொருள்கள் 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டத்துக்குள்ள வரும். வெளிநாட்டுல இருக்கிற பையனுக்குப் பார்சல் பண்ணிடலாம்னு நினைக்காதீங்க. அந்தப் பொருளைத் தனியாள் ஏற்றுமதி பண்ண முடியாது.

அக்கா என்ன முடிவு பண்ணாங்க?

இந்த எபிசோடு பதிவு பண்றதுக்கு முன்னாடி நாள் மெசேஜ் வந்துச்சு. வியாபாரிக்கு டீ கொடுத்து அனுப்பிட்டாங்களாம். கூடத்துல, கிழக்கு ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழற பக்கச் சுவத்துல மாட்டப் போறாங்க. சுவர் காயணும்னு கிரகப்பிரவேசத்துக்கு மாட்டல, தை மாசம்தான். மாமியார்கிட்ட, "அது முகம் பாக்குற கண்ணாடி இல்ல அத்தை, வெளிச்சம் பாக்குற கண்ணாடி"ன்னு சொன்னாங்களாம். அத்தை கொஞ்ச நேரம் பேசலையாம். அப்புறம், "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தச் சிப்பியை முதல்ல சரி பண்ணு, மூளியா இருக்கக் கூடாது"ன்னாங்களாம்.

உங்க வீட்டுல இப்படி ஒண்ணு இருந்தா, விக்கிறதுக்கோ மாத்துறதுக்கோ முன்னாடி, ஒரு தடவை இறக்கித் திருப்பி முதுகைப் பாருங்க. ரெண்டு பேர் சேர்ந்து இறக்குங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.